குடலில் ஒரு குறுக்கு வழி

ஓர் அத்தையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 45. எடை 120 கிலோ. நீரிழிவு, மூச்சு வாங்கல், முழங்கால் வலி என்று பல தொல்லைகள். உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் போதிய பலன் தரவில்லை. டாக்டர்களின் யோசனைப்படி எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். இரண்டு ஆண்டுகளில் 40 கிலோ குறைந்தது. நீரிழிவும் கட்டுக்குள் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. 'உடம்புதான் நன்றாகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?' என்று, டாக்டர் கொடுத்திருந்த கால்சியம், வைட்டமின் மாத்திரைகளை அத்தை நிறுத்திவிட்டார்.

சில ஆண்டுகள் சென்றன. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. மாடிப்படி ஏறுவது பெரும்பாடாயிற்று. இடுப்பிலும் தொடையிலும் விடாத வலி. இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பரிசோதித்துப் பார்த்தார்கள். 100 மில்லிலிட்டருக்கு 9 மில்லிகிராம். இது சரியான அளவே. ஆனால் எலும்பின் அடர்த்தியை அளந்தபோது, அது வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது.

இதென்ன புதிர்? எலும்பில் உள்ள முக்கியமான தாது கால்சியம். இரத்தத்தில் கால்சியம் குறையவில்லை. பிறகு எலும்பு மட்டும் எப்படித் தேய்ந்தது? இந்தப் புதிரை அவிழ்க்க வேண்டுமானால், நாம் முதலில் வைட்டமின் 'டி'யை அறிந்துகொள்ள வேண்டும்.

மீன் எண்ணெயும் சூரிய ஒளியும்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் தொழில் நகரங்களில் புகை மண்டிக் கிடந்தது. குறுகிய சந்துகளில் வெயில் நுழைவதே அரிது. அங்கே வாழ்ந்த குழந்தைகள் பலருக்குக் கால் எலும்புகள் வில்போல் வளைந்தன. இந்நோய்க்கு 'ரிக்கெட்ஸ்' என்று பெயர்.

1919-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி என்னும் அறிஞர், நாய்க்குட்டிகளிடம் உணவின் மூலமாகவே இந்நோயை உண்டாக்கிக் காட்டினார். காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெய் அதைத் தடுத்தது. அதே ஆண்டில் பெர்லின் நகரில் கர்ட் ஹல்ட்ஷின்ஸ்கி என்னும் குழந்தை மருத்துவர் வேறொரு வழியில் சென்றார். ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகள்மீது பாதரச ஆவி விளக்கின் புற ஊதாக் கதிர்களைப் பாய்ச்சினார். எலும்புகள் தேறின! ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும், மற்றக் கையின் எலும்பும் தேறியது. அப்படியானால் தோலில் ஏதோ ஒரு பொருள் உருவாகி, இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கிறது என்று பொருள் அல்லவா?

1922-இல் அமெரிக்காவில் மெக்கல்லம் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் மீன் எண்ணெயைச் சூடாக்கி, அதனுள் காற்றைச் செலுத்தி, அதிலிருந்த வைட்டமின் 'ஏ'யை அழித்தார்கள். அந்த எண்ணெய் அதன் பிறகும் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. ஆகவே அதில் இன்னொரு பொருள் இருக்க வேண்டும். 'ஏ', 'பி', 'சி' என்னும் எழுத்துகள் முன்பே வைட்டமின்களுக்குச் சூட்டப்பட்டுவிட்டதால், இதற்கு 'டி' என்ற பெயர் கிடைத்தது.

ஆக, வைட்டமின் 'டி' நமக்குக் கிடைக்க இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று தோல். மற்றது குடல். எந்த வாசல் வழியாக வந்தாலும், அது அப்படியே வேலை செய்யாது. முதலில் கல்லீரலுக்குச் சென்று சிறிது மாற்றம் அடைகிறது. பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் பெற்று, முழு ஆற்றலுடைய ஹார்மோனாகிறது.

இந்த ஹார்மோனின் முக்கியமான வேலை, குடலிலுள்ள கால்சியத்தை இரத்தத்துக்குள் ஏற்றுவதாகும். வைட்டமின் 'டி' போதுமான அளவு இருந்தால், நாம் உண்ணும் கால்சியத்தில் 30 முதல் 40 சதவிகிதம் வரை உடலில் சேரும். அது இல்லாவிட்டால் 10 அல்லது 15 சதவிகிதமே சேரும். மீதி மலத்தோடு வெளியேறிவிடும். பால் குடித்தும் பயனில்லை என்ற நிலை!

ஒரு சிறு சோதனை

வைட்டமின் 'டி' தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். இதனால் விளையும் சங்கடத்தை நீங்களே செய்து பார்க்கலாம்.

இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பாதியளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். ஒரு புட்டியில் மட்டும் சிறிது சோப்புக் கரைசலைச் சேருங்கள். இரண்டையும் நன்றாகக் குலுக்கி மேசைமேல் வையுங்கள். சோப்பு இல்லாத புட்டியில் எண்ணெய் சற்று நேரத்திற்குள் திரண்டு மேலே வந்து மிதக்கும். சோப்பு உள்ள புட்டியில் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து, தண்ணீர் பால்போல் வெண்மையாக நிற்கும்.

நம் வயிற்றுக்குள் சோப்பின் வேலையைச் செய்வது பித்தநீர். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் முன்சிறுகுடலில் வந்து உணவோடு கலக்கிறது. கணையநீரும் அங்கேதான் வருகிறது. இரண்டும் சேர்ந்து கொழுப்பை நுண்துளிகளாக்கிச் செரிக்கச் செய்கின்றன. அந்த நுண்துளிகளில் ஏறித்தான் வைட்டமின் 'டி' குடற்சுவருக்குப் பயணம் செய்கிறது. பித்தநீர் கலக்க நேரமும் வேண்டும். கலந்த பிறகு செல்ல நீளமான குடலும் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை மாறுகிறது

இப்போது அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். இதில் பல வகைகள் உண்டு. பரவலாகச் செய்யப்படும் இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதல் வகையில் இரைப்பையின் பெரும்பகுதி, அதாவது 75 முதல் 80 சதவிகிதம் வரை, வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சியிருப்பது சட்டையின் கைபோன்ற ஒரு குழல். குடலின் பாதை மாறுவதில்லை.

இரண்டாவது வகைக்கு 'பைபாஸ்' என்று பெயர். ஊருக்குள் நுழையாமல் சுற்றிச் செல்லும் சாலையையும் நாம் பைபாஸ் என்றுதானே சொல்கிறோம்? 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன், சிக்காஷி இட்டோ ஆகிய டாக்டர்கள் இரைப்பை பைபாஸ் சிகிச்சையைத் தொடங்கி வைத்தனர். பிற்காலத்தில் அது பல திருத்தங்களைப் பெற்றது. இன்று செய்யப்படும் முறையில் இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை மட்டும் தனியாகப் பிரிக்கப்படுகிறது. இரண்டு மேசைக் கரண்டித் தண்ணீர் அதில் அடங்கும், அவ்வளவுதான். நடுச்சிறுகுடல் ஓரிடத்தில் வெட்டப்பட்டு, அதன் கீழ்ப்பகுதி மேலே இழுக்கப்பட்டு, இந்தச் சிறு பையோடு தைக்கப்படுகிறது. உண்ட உணவு பழைய இரைப்பைக்குள் நுழைவதில்லை, முன்சிறுகுடலையும் தொடுவதில்லை. நேரே நடுச்சிறுகுடலுக்குச் சென்றுவிடுகிறது.

பித்தநீரும் கணையநீரும் என்ன ஆகும்? அவை பழைய பாதையிலேயே ஓடிவந்து, ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி, கீழே உணவோடு சேர்கின்றன. இரண்டு கிளைகளும் ஒன்றாகும் இடம் 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்தைப்போல் இருக்கும்.

இந்தச் சிகிச்சையால் பலருக்கு நன்மை உண்டு. எடை குறைவதோடு நீரிழிவும் தணிகிறது. ஆனால் எலும்பின் பக்கம் நின்று பார்த்தால், நான்கு இழப்புகள் தெரிகின்றன.

ஒன்று: உண்ணும் உணவே குறைந்துவிடுகிறது. உணவோடு வரும் கால்சியமும் வைட்டமினும் குறைகின்றன.

இரண்டு: வைட்டமின் 'டி' பித்தநீரைச் சந்திப்பது தாமதமாகிறது. சந்தித்த பிறகு உறிஞ்சப்படுவதற்கான குடலின் நீளமும் குறைகிறது.

மூன்று: வைட்டமின் 'டி'யின் ஆணைப்படி கால்சியத்தைச் சுறுசுறுப்பாக உள்ளே இழுக்கும் இடம் முன்சிறுகுடலும் நடுச்சிறுகுடலின் தொடக்கமும்தான். உணவு அவ்விடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

நான்கு: சிறு பையில் அமிலம் மிகக் குறைவாகவே சுரக்கிறது. சில வகைக் கால்சியம் கரைவதற்கு அமிலம் வேண்டும்.

பைபாஸ் இல்லாத முதல் வகைச் சிகிச்சையிலும் முதலாவது, நான்காவது இழப்புகள் உண்டு. ஆகவே 'என் குடலை வெட்டவில்லை, எனக்குக் கவலையில்லை' என்று யாரும் இருந்துவிட முடியாது.

தொடக்கத்திலேயே இருந்த குறை

இன்னொரு செய்தி உங்களை வியப்பில் ஆழ்த்தும். உடல் பருமன் மிக்கவர்கள் பலருக்கு, அறுவைச் சிகிச்சைக்கு முன்பே வைட்டமின் 'டி' குறைவாக இருக்கிறது.

ஒரு கரண்டி உப்பை ஒரு செம்புத் தண்ணீரில் போட்டால் உவர்க்கும். அதே உப்பை ஒரு தொட்டித் தண்ணீரில் போட்டால் சுவையே தெரியாது. வைட்டமின் 'டி'யும் உடலிலுள்ள கொழுப்பில் பரவி ஒதுங்கிவிடுவதால், இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஆய்வில், பருமனானவர்கள்மீதும் மற்றவர்கள்மீதும் ஒரே அளவு புற ஊதாக் கதிர்கள் செலுத்தப்பட்டன. பருமனானவர்களின் இரத்தத்தில் ஏறிய வைட்டமின் 'டி' மற்றவர்களைவிட 57 சதவிகிதம் குறைவாக இருந்தது.

ஆகவே அறுவைச் சிகிச்சைக்கு முன்பே இரத்தத்தைச் சோதித்து, குறை இருந்தால் அதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

புதிர் அவிழ்கிறது

நம் கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறம், அரிசி மணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றின் பெயர் பாராதைராய்டு. இரவும் பகலும் அவை செய்யும் காவல் ஒன்றே ஒன்று: இரத்தத்தில் கால்சியம் குறைகிறதா என்று பார்ப்பது. இதயம் துடிக்கவும் நரம்புகள் செய்தி கடத்தவும் தசைகள் இயங்கவும் இரத்தத்தில் கால்சியம் ஓர் அளவோடு இருந்தே ஆக வேண்டும்.

வயது வந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. குடலிலிருந்து வரும் கால்சியம் குறைந்தால், பாராதைராய்டு சுரப்பிகள் தம் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கின்றன. அது சிறுநீரில் கால்சியம் வீணாகாமல் காக்கிறது. வைட்டமின் 'டி'யைச் சிறுநீரகத்தில் முடுக்கிவிடுகிறது. அப்படியும் போதவில்லை என்றால், எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கால்சியம் கொடுக்கிறது.

வீட்டுச் செலவுக்குப் பணம் போதாதபோது, குதிரில் இருக்கும் விதைநெல்லை எடுத்து விற்பதில்லையா? அன்றைக்கு அடுப்பு எரியும். அண்டை அயலார் பார்த்தால் குடும்பம் நன்றாக நடப்பதாகவே தோன்றும். குதிரைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அத்தையின் இரத்தத்தில் கால்சியம் ஏன் சரியாக இருந்தது என்பது இப்போது புரிகிறது அல்லவா? அது உணவிலிருந்து வந்த கால்சியம் மட்டுமன்று. எலும்பு கொடுத்த கால்சியமும் அதில் சேர்ந்திருந்தது. எனவே இரத்தக் கால்சியத்தை மட்டும் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. கல்லீரலில் மாற்றம் பெற்ற வைட்டமின் 'டி' எவ்வளவு என்பது ஒன்று. பாராதைராய்டு ஹார்மோன் எவ்வளவு என்பது மற்றொன்று. முதலாவது குறைந்து, இரண்டாவது ஏறியிருந்தால், விதைநெல் கரைகிறது என்று அறியலாம்.

வைட்டமின் மட்டும் போதுமா?

'அப்படியானால் வைட்டமின் டி மாத்திரையை நிறையக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது' என்று நீங்கள் நினைக்கலாம். 2015-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவைக் கேளுங்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு வைட்டமின் 'டி' குறையாமல் கொடுத்துப் பராமரித்தார்கள். சிகிச்சைக்கு முன் அவர்கள் குடல், கொடுத்த கால்சியத்தில் சராசரியாக 33 சதவிகிதத்தை உறிஞ்சியது. ஆறு மாதங்களுக்குப் பின் உறிஞ்சியது 7 சதவிகிதம் மட்டுமே!

பூட்டுக்குச் சாவி இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு இருக்கும் தெரு வழியாக இப்போது யாரும் செல்வதில்லை. எனவே வைட்டமின் 'டி'யோடு கால்சியத்தையும் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். எடை குறைந்த உடலை எலும்பு சுமப்பதும் எளிதாகிவிடுவதால், சுமை குறைந்த எலும்பு தானாகவே சற்று மெலியும். இதற்கு மாற்றாக நடைப்பயிற்சி, படியேறுதல், தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி ஆகியவையும் தேவைப்படுகின்றன.

எவ்வளவு, எப்படி?

இத்தகைய அறுவைச் சிகிச்சை செய்யும் அமெரிக்க மருத்துவர்களின் கழகம் 2016-இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி ஒரு நாளைக்கு 3,000 அனைத்துலக அலகு வைட்டமின் 'டி3'யில் தொடங்கி, இரத்தத்தில் அதன் அளவு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்கு மேல் ஏறும்படி செய்ய வேண்டும். 40 அலகு என்பது ஒரு மைக்ரோகிராம். ஆகவே 3,000 அலகு என்பது 75 மைக்ரோகிராம். பொடி உப்பின் ஒரு துகளே ஏறத்தாழ இந்த எடை இருக்கும். எவ்வளவு சிறிய பொருள், எவ்வளவு பெரிய வேலை!

நாம் பார்த்த இரண்டு வகைச் சிகிச்சைகளுக்கும் கால்சியத்தின் அளவு, நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம். இது உணவும் மாத்திரையும் சேர்ந்த கணக்கு. மாத்திரையை ஒரே வேளையில் விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும். ஒரு வேளைக்கு 500 அல்லது 600 மில்லிகிராமாகப் பிரித்து உண்ண வேண்டும்.

கால்சியம் மாத்திரையிலும் வகை உண்டு. முட்டை ஓட்டைப் பொடித்து, ஒரு பங்கைத் தண்ணீரிலும் ஒரு பங்கை எலுமிச்சைச் சாற்றிலும் போட்டுப் பாருங்கள். சாற்றில் மட்டும் குமிழிகள் பொங்கும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும். அமிலம் குறைந்த சிறு பை உடையவர்களுக்கு, அமிலத்தை எதிர்பாராமல் உறிஞ்சப்படும் கால்சியம் சிட்ரேட் ஏற்றது. அதை உணவோடும் உண்ணலாம், உணவில்லாமலும் உண்ணலாம். கார்பனேட் மாத்திரையானால் உணவோடு சேர்த்தே உண்ண வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

மேலே சொன்ன எண்கள் தொடக்கத்திற்கானவை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் ஆண்டில் சில முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசோதிப்பது வழக்கம். குடலின் பாதை நிரந்தரமாக மாறிவிட்டதால், மாத்திரையும் நிரந்தரமே.

அளவு மீறினாலும் ஆபத்துதான். நம் நாட்டு மருந்துக் கடைகளில் 60,000 அலகு கொண்ட வைட்டமின் 'டி' பொட்டலம் கிடைக்கிறது. பெரும்பாலும் அதை வாரத்திற்கு ஒன்று என்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். தவறுதலாகத் தினம் ஒன்று என்று உண்டுவந்தால், கொழுப்பில் கரையும் அந்த வைட்டமின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். இரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மேல் ஏறி, வாந்தி, அடங்காத தாகம், சிறுநீரகக் கேடு முதலியவை வரலாம். வீட்டில் பெரியவர்களுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது உங்களில் பலருடைய வேலை. 'தினம்' என்றிருக்கிறதா, 'வாரம்' என்றிருக்கிறதா என்று இருமுறை பாருங்கள்.

தோல் என்னும் வாசல்

அறுவைச் சிகிச்சை குடல் வாசலைத்தான் குறுக்கியது. தோல் வாசலை அது தொடவில்லை. வெயிலை ஏன் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது?

ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணி, 9 மணி, 11 மணி, மாலை 4 மணி ஆகிய நேரங்களில் வெயிலில் நின்று உங்கள் நிழலை அளந்து பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருக்கும்போது சூரியன் தாழ்வாக இருக்கிறது. அதன் கதிர்கள் காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருவதால், வைட்டமின் 'டி'யை உண்டாக்கும் புற ஊதாக் கதிர்கள் பெரும்பாலும் வழியிலேயே வடிகட்டப்படுகின்றன. நிழல் உங்களைவிடக் குட்டையாகும்போதுதான் அக்கதிர்கள் தாராளமாக வந்து சேரும். பாஸ்டன் போன்ற வடக்கு நகரங்களில் குளிர்கால நண்பகலில்கூட நிழல் குட்டையாவதில்லை. நமக்கு ஆண்டு முழுவதும் அந்த நற்பேறு உண்டு.

ஆனால் கண்ணாடி சன்னலின் வழியே வரும் வெயில் பயன்படாது. கண்ணாடி அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும். கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். நாள் முழுவதும் வீட்டுக்குள் இருப்பவருக்கு வாசலில் அடிக்கும் வெயிலால் பயனில்லை. ஆகவே வெயில் ஒரு துணைதான். மாத்திரையின் இடத்தை அதற்குக் கொடுத்துவிட முடியாது.

அத்தையின் கதை

நம் கற்பனை அத்தைக்கு என்ன ஆயிற்று? டாக்டர் மற்ற இரண்டு பரிசோதனைகளையும் செய்யச் சொன்னார். வைட்டமின் 'டி' மிகக் குறைவு; பாராதைராய்டு ஹார்மோன் மிக அதிகம். காரணம் தெரிந்துவிட்டது. மாத்திரைகள் மீண்டும் தொடங்கப்பட்டன. சில மாதங்களில் வலி குறையும், தசைகள் வலுப்பெறும், கையை ஊன்றாமல் எழ முடியும். ஆனால் இழந்த எலும்பு முழுவதும் திரும்பி வரும் என்று உறுதி கூற முடியாது. நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்த இழப்பைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம்.

உங்கள் உறவினரோ, தெருக்காரரோ இப்படிப்பட்ட சிகிச்சை செய்துகொண்டிருந்தால், 'எவ்வளவு எடை குறைந்தது?' என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் வேறொரு கேள்வி கேளுங்கள்: 'இந்த ஆண்டு வைட்டமின் டி பார்த்தீர்களா?'

சிந்தித்து விடை கூறுங்கள்

1. சோப்பு இல்லாத புட்டியைப்போல் குடல் இருந்தால், வைட்டமின் 'டி'யோடு சேர்ந்து வேறு எந்தெந்த வைட்டமின்களும் குறையும்?

2. இரத்தக் கால்சியம் சரியாக இருந்தும் எலும்பு தேய்வது எப்படி? இரண்டு வாக்கியங்களில் எழுதுக.

3. நாளைக்கு 2,000 அலகு வைட்டமின் 'டி' உண்பவர் எத்தனை மைக்ரோகிராம் உண்கிறார்?

4. உங்கள் ஊரில் இம்மாதம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறது? அளந்து குறித்து வையுங்கள்.